முப்பத்தாறு வீடுகளை ஆள்வது எப்படி

உங்கள் ஃபிளாட்டின் பொதுக்கூட்டத்தில் வேறு யாரும் கை தூக்காததால் உங்களைச் செயலாளராகப் போட்டுவிட்டார்களா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனை என்று கொழும்பில் நம்மவர்கள் கூடி வாழும் இடமெல்லாம் மாடிகள் எழும்பிவிட்டன. அந்த மாடிகளுக்குள் யார் சொன்னால் யார் கேட்பது என்பதை மட்டும் எவரும் கட்டித் தந்துவிட்டுப் போவதில்லை. கட்டியவர் லிஃப்ட்டின் சாவியைத் தருவார், தண்ணீர் மோட்டரின் சுவிட்சைக் காட்டுவார், போய்விடுவார். மிச்சம் உங்கள் பாடு.

நான் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் ஒரு லேனில், ஒன்பது தட்டுக் கட்டடத்தில் இருக்கிறேன். தட்டுக்கு நான்கு வீடு. யாழ்ப்பாணத்துக்காரர் பாதிக்கு மேல். மலையகத்தில் இருந்து வந்த இரண்டு குடும்பம், முஸ்லிம் குடும்பங்கள், ஒரு சிங்களக் குடும்பம், வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற கனடாக்காரரின் வீடுகள். செயலாளர் வேலை என் தலையில் விழுந்த பிறகு, வகுப்பில் கரும்பலகையில் எழுதிய விஷயங்களை எல்லாம் மொட்டைமாடியில் வைத்துப் பரீட்சித்துப் பார்க்க முடிந்தது.

நல்ல தலைவரைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. யார் வந்தாலும் கணக்கு ஒட்டப்படும், யார் வந்தாலும் தவணை முடிய இறங்குவார் என்ற ஒழுங்கை முதலில் செய்யுங்கள். அதை எப்படிச் செய்வது என்றுதான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் வீட்டு உறுதியை எடுத்துப் பாருங்கள்

தொடர்மாடி உடைமை பற்றி 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. பிறகு பல தடவை திருத்தினார்கள்; 2003இல் செய்தது பெரிய திருத்தம். அதன்படி முறையாகப் பதிவான கட்டடத்தில் வீட்டுச் சொந்தக்காரர் எல்லோரும் சேர்ந்து ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். நீங்கள் விண்ணப்பித்து உறுப்பினராக வேண்டியதில்லை, வீட்டை வாங்கியதுமே உறுப்பினர்தான். மேலே கண்காணிக்கக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்குப் பெறுமதி குறித்திருப்பார்கள். பொதுச் செலவில் உங்கள் பங்கும் வாக்கில் உங்கள் கனமும் அதைப் பொறுத்தவை.

இந்தக் கடதாசியை வாசிக்காமல் கூட்டம் கூட்டினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். எங்கள் கட்டடத்தில் அந்த முதல் கேள்வி இதுதான்: "டீச்சர், நான் நிலத்தட்டில இருக்கிறன். லிஃப்டுக்கு நான் ஏன் காசு கட்டவேணும்?" மறுமொழி சொல்ல நான் வாய் திறக்கமுதல் எட்டாம் தட்டு அக்கா முந்திவிட்டார்: "மோட்டர் உங்கட வாசலிலதானே இருக்கு அண்ணை? மேல இருக்கிற நாங்கள் அதுக்குக் காசு தராமல் விடலாமோ?" அதோடு அது முடிந்தது. எல்லாக் கட்டடத்திலும் எட்டாம் தட்டு அக்கா இருக்கமாட்டார். அதனால் சட்டத்தின் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

பழைய கட்டடங்கள் சிலவற்றில் பதிவும் இல்லை, கூட்டுத்தாபனமும் இல்லை, வெறும் 'கமிட்டி'தான். அங்கேயும் வேலை நடக்கும். காசு கட்டாதவர் மீது சட்டப்படி கை வைப்பதுதான் கடினம். ஆகவே பதிவு செய்யும் அலுவலைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள்.

யாருக்கு வாக்கு, யார் உண்மையில் குடியிருக்கிறார் என்ற இரண்டும் கொழும்பில் ஒன்றாக இருப்பதில்லை. சொந்தக்காரர் கனடாவில் ஸ்காபரோவில், குடியிருப்பது வாடகைக்காரர். தண்ணீர் வராவிட்டால் கஷ்டப்படுபவருக்கு வாக்கில்லை, வாக்குள்ளவருக்குத் தண்ணீர் வராதது தெரியாது. பழைய ஏதென்ஸிலும் இப்படி ஒரு கூட்டம் இருந்தது: ஊரில் வாழ்ந்து, தனி வரி கட்டி, ஆனால் சபையில் பேச முடியாத வெளியூரார். வாடகைக்காரரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். வாக்கைக் கொடுக்கச் சட்டம் இடம் தராவிட்டாலும் கதிரையைக் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவரிடம் எழுத்தில் ஒரு பதிலாள் கடிதமோ அற்றோணித் தத்துவமோ வாங்கி வையுங்கள். ஒரே ஆள் பத்து வீட்டுக்குப் பதிலாளாக வந்து உட்கார்ந்தால் அது கூட்டமே இல்லை. எத்தனை பேருக்கு ஒருவர் நிற்கலாம் என்பதை உங்கள் துணைவிதிகளில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

பெரிய மனிதர் வருவார், கவனம்

எந்தக் கட்டடத்திலும் ஒருவர் இருப்பார். ஜெனரேட்டர் பழுதானால், "விடுங்கோ, நான் இப்போதைக்குப் போடுறன், பிறகு பாப்பம்" என்பார். நவராத்திரிக்குக் கடலைச் செலவு அவருடையது. வாட்சரின் மகனுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். மனிதர் கெட்டவரும் இல்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்துப் பாருங்கள்: இரண்டாவது கார் பொதுத் தரிப்பிடத்தில் நிற்கும், யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

பப்புவா நியூகினி, சொலமன் தீவுகள் பக்கத்தில் இப்படியான தலைமையை மானிடவியலாளர்கள் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே பல இடங்களில் பரம்பரைப் பட்டமும் இல்லை, தேர்தலும் இல்லை. பன்றி வளர்த்து, விருந்து வைத்து, ஊரைக் கடன்காரராக்கி ஒருவர் பெரிய மனிதராகிறார். கொடுப்பது நின்றால் தலைமையும் போய்விடும் என்பது அந்த முறையில் உள்ள ஒரு நல்ல பக்கம். எங்களுடைய மாடியில் அதுகூட இல்லை. ஒருதரம் கொடுத்ததை ஆயுளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

இதற்கு மருந்து சின்னது. அவர் போட்ட காசை நன்கொடையாக எடுக்காமல் கடனாகக் கணக்கில் பதியுங்கள். தேதி, தொகை, திருப்பிக் கொடுக்கும் மாதம். "சீச்சீ, அதெல்லாம் எதுக்கு" என்பார். சிரித்துக்கொண்டே பதியுங்கள். திருப்பிக் கொடுத்த அன்று பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

கலகாரிப் பாலைவனத்து யுஹோவான்சி வேட்டைக்காரரிடம் இதைவிடக் கூர்மையான வழி இருக்கிறது. ஒருவன் கொழுத்த விலங்கை வீழ்த்திவிட்டு வந்தால் மற்றவர்கள், "இந்த எலும்புக்கூட்டுக்காகவா எங்களை இவ்வளவு தூரம் நடக்க வைத்தாய்?" என்று நக்கல் அடிப்பார்கள். வேட்டையாடியவனும் சேர்ந்து அதையே சொல்வான். நன்றாக வேட்டையாடுகிற இளைஞன் தன்னைத் தலைவன் என்று நினைக்கத் தொடங்கினால் ஆபத்து என்று அவர்கள் காரணமும் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்மவர்களிடம் செய்து பார்க்கச் சொல்லவில்லை, செய்தால் மறுநாள் ராஜினாமாக் கடிதம் வரும். ஆனால் பொதுக்கூட்டத்தில் தலைவருக்கு மாலையும் பொன்னாடையும் போடும் வழக்கத்தையாவது விட்டுவிடலாம். அந்தக் காசுக்கு மாடிப்படிக்கு இரண்டு பல்ப் வரும்.

குலுக்கிப் போடுங்கள்

"யார் விரும்புறீங்கள்?" என்று கேட்டு ஆட்களை எடுக்காதீர்கள். விரும்புகிறவர் ஏன் விரும்புகிறார் என்று யோசிக்கவேண்டி வரும். நாங்கள் குடவோலைக்குப் போனோம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒரு வரியில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. அந்தக் கல்வெட்டைத் தேர்தல் பெருமைக்காகவே நம்மவர்கள் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதில் பிடித்தது யாரைச் சேர்க்கக்கூடாது என்ற பட்டியல்தான். வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக்கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய இன்னின்ன உறவினரும் நிற்கக்கூடாது. கடந்த மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் நிற்கக்கூடாது. வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் இட்டு, சபை நடுவில் எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்டி, விவரம் தெரியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிப்பார்கள். ஓலையை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். ஆளை நம்பி அல்ல, கையை நம்பாமல் செய்த விதி அது. தவணை 360 நாள்.

அது ஒரு பிராமண ஊரின் சபை. நிலமும் வேதமும் உள்ள ஆண்களுக்கு மட்டும். பெண்ணாகிய நான் அந்தக் குடத்துக்குக் கிட்டேயும் போயிருக்க முடியாது. ஆனாலும் முறை நல்ல முறை, எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் நடைமுறை இப்படி. மூன்று மாதத்துக்கு மேல் பராமரிப்புக் காசு நிலுவை வைத்திருப்பவர் பெயர் போடுவதில்லை. கணக்கு ஒப்படைக்காத முன்னாள் பொருளாளரும் அவர் வீட்டாரும் இல்லை. தொடர்ந்து இரண்டு தவணை இருந்தவருக்கு ஒரு தவணை ஓய்வு. மிச்சப் பெயர்களை மூன்று தட்டுக்கு ஒரு குவியலாகப் பிரித்து, காலியான நெஸ்டமோல்ட் டின்னில் போட்டு, கூட்டத்துக்கு வந்த பிள்ளைகளில் சின்னதைக் கொண்டு எடுப்பிக்கிறோம். பிள்ளைக்கு ஒரு சொக்லேட். சட்டம் கேட்பது பொதுக்கூட்டத்தின் தெரிவை. ஆகவே குலுக்கலில் வந்த பெயர்களைப் பிறகு ஒருவர் பிரேரித்து இன்னொருவர் ஆமோதித்து முறைப்படி நிறைவேற்றிக் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள். குலுக்கலில் பெயர் வந்தவரைத் திட்டுவதற்கும் ஆட்கள் கொஞ்சம் தயங்குகிறார்கள். அவர் கேட்டு வரவில்லையே.

பொருளாளரைக் குலுக்கிப் போடாதீர்கள். ஏதென்ஸ்காரர் தங்கள் ஐந்நூற்றுவர் சபையைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள், பத்துத் தளபதிகளை மட்டும் வாக்குப் போட்டுத்தான் எடுத்தார்கள். தெரிந்த வேலைக்குத் தெரிந்த ஆள். எங்களுக்கு வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கிடைத்தார். உங்களுக்குக் கிடைக்காவிட்டால், மாதக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதத் தெரிந்த யாரும் போதும்.

முறைப்பாடு சொல்பவருக்கு வேலை கொடுங்கள்

தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூன்று பேர் தலையில் எல்லாவற்றையும் கட்டினால் மூன்று பேரும் ஆறு மாதத்தில் களைத்துவிடுவார்கள். இங்கே எனக்கு உதவியது பிரிட்டிஷ் காலத்து டொனமூர் யாப்பு. 1931இல் இந்த நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்தபோது கூடவே வந்தது குழு முறை. காலிமுகத்திடலில் இன்று ஜனாதிபதி செயலகமாக இருக்கும் கட்டடத்தில்தான் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபை கூடியது. சபையின் உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிவு செய்தது, அவரே அமைச்சர். அரசாங்கத் தரப்பு, எதிர்த் தரப்பு என்று இரண்டு வாங்கு இல்லை. குறை சொல்பவரும் ஏதோ ஒரு குழுவில் இருந்து வேலை பார்த்தே ஆகவேண்டும்.

நாட்டுக்கு அது சரிவந்ததா என்பது வேறு கதை. அமைச்சர் ஒருவர் இன்னொருவர் செய்ததற்குப் பொறுப்பு எடுக்காத முறை அது. 1947இல் சோல்பரி யாப்போடு அதைக் கைவிட்டார்கள். 1978இல் எல்லா அதிகாரத்தையும் ஜனாதிபதி என்ற ஒரு கதிரையில் கொண்டுபோய் வைத்தார்கள். அதன் பலனை நாங்கள் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் முப்பத்தாறு வீட்டுக்குக் குழு முறை அச்சாவாகப் பொருந்துகிறது. தண்ணீருக்கு ஒரு குழு: நிலத்தடித் தொட்டி, மேல் தொட்டி, மோட்டர். லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் ஒன்று. கடல் காற்றில் இரும்பு கரைகிற லேனில் இதுதான் அதிகம் ஓடவேண்டிய குழு. வாசலுக்கும் தரிப்பிடத்துக்கும் ஒன்று. குப்பைக்குத் தனியாக ஒன்று வேண்டும், மாநகர சபை லொறி வருகிற நேரத்தை அறிந்து தரம் பிரித்துக் கொடுப்பது லேசான வேலை இல்லை.

வாட்ஸ்அப்பில் தினமும் "தண்ணி வரேல்ல, கமிட்டி நித்திரையோ?" என்று எழுதுகிறவரைத் தண்ணீர்க் குழுவில் போடுங்கள். கேட்டுப் போடாதீர்கள், பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்லுங்கள், மறுக்கமாட்டார். எங்கள் தண்ணீர்க் குழுக்காரர் இப்போது மோட்டரின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்வார்.

கணக்கு ஒட்டுகிற இடம்

லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவர். வேறு இடம் வேண்டாம். லிஃப்ட் வரும்வரை நிற்கிற அரை நிமிடத்தில் எல்லோரும் வாசிப்பார்கள். ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதிக்குள் ஒரு பக்கம்: வந்தது, போனது, மிச்சம், பெரிய திருத்தத்துக்கு ஒதுக்கி வைத்தது. பின்னால் பில்கள் கோப்பில், யாரும் வந்து பார்க்கலாம். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து. அந்த இருவரும் ஒரே குடும்பமாகவோ சம்பந்திகளாகவோ இருக்கக்கூடாது. வெள்ளவத்தையில் இது லேசில் நடக்கக்கூடிய விஷயம் என்பதால் சொல்கிறேன்.

நிலுவைக்காரரின் பெயரை ஒட்டலாமா என்று கேட்பார்கள். நான் ஒட்டுவதில்லை. மொத்த நிலுவை எவ்வளவு, எத்தனை வீட்டில் என்று மட்டும் போடுகிறேன். அதுவே போதும், மிச்சத்தை அவர்களாகவே கண்டுபிடித்து விடுவார்கள். பெயரைப் போட்டால் அவர் வெட்கப்பட்டுக் கட்டமாட்டார், கோபப்பட்டுக் கட்டாமல் விடுவார்.

தண்டனை சின்னதாகத் தொடங்கட்டும்

பொதுவான குளம், மேய்ச்சல் நிலம், மீன்பிடி இவற்றை மக்கள் தாங்களே எப்படிப் பேணுகிறார்கள் என்று ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையார். பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண், 2009இல். நீண்ட காலம் நிலைத்த ஊர்களில் அவர் கண்ட பொதுவான அம்சங்களில் ஒன்று: முதல் தவறுக்குத் தண்டனை மிகச் சிறியது, திரும்பத் திரும்பச் செய்தால் படிப்படியாகக் கூடும். ஸ்பெயினில் வலென்சியா நகரத்துத் தண்ணீர் நீதிமன்றம் அவர் எடுத்துக்காட்டிய இடங்களில் ஒன்றோடு சேர்ந்தது. வியாழக்கிழமை நடுப்பகலில் பேராலய வாசலில் கூடுவார்கள். நீதிபதிகள் அந்தந்த வாய்க்காலின் விவசாயிகளே. வாய்மொழியாக விசாரித்து அங்கேயே தீர்ப்புச் சொல்வார்கள். நம்மூர் மட்டக்களப்புப் பக்கத்து வயல்வெளிகளில் வட்ட விதானை என்ற வயல் பொறுப்பாளர் பார்த்ததும் ஏறக்குறைய இதே வேலைதான்.

எங்கள் படிகள்: முதலில் நேரில் போய்க் கதைப்பது, அதுவும் பின்னேரத்தில், தேத்தண்ணி நேரத்தில். அடுத்த மாதம் கடிதம். அதற்கடுத்து நிலுவைக்கு ஒரு சிறு மேலதிகத் தொகை, பொதுக்கூட்டம் ஏற்கெனவே அனுமதித்த அளவில். அதற்கும் மேலே சட்டத்தரணியின் கடிதமும் அதிகாரசபையும். பல வருட நிலுவை கிடந்த வீடு ஒன்று கடித நிலையிலேயே தவணை முறையில் கட்டி முடித்தது.

ஒருபோதும் தண்ணீரை வெட்டாதீர்கள். சில கட்டடங்களில் செய்கிறார்கள், உடனே காசு வரும் என்று பெருமையாகவும் சொல்வார்கள். அந்த வீட்டில் படுக்கையில் ஒரு வயோதிபர் இருப்பார். காசு வரலாம், அதற்குப் பிறகு அந்தத் தட்டில் உங்களோடு யாரும் கதைக்கமாட்டார்கள், குழுவின் எந்த விதியையும் மனதோடு மதிக்கமாட்டார்கள்.

விதிகள் குறைவாக இருக்கட்டும். மக்கள் தாங்களே சேர்ந்து போட்ட விதி எப்படி நிற்கும் என்பதை 2022 மார்ச்சில் பார்த்தேன். மாத முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. டீசலுக்குக் காலி வீதி நெடுக வரிசை. ஜெனரேட்டரை எதற்கு ஓட்டுவது என்று மாடிப்படியில் டோர்ச் வெளிச்சத்தில் நின்று கதைத்தோம். முதலில் தண்ணீர் மோட்டர், பிறகு காலையும் மாலையும் குறிப்பிட்ட நேரம் லிஃப்ட், வீடுகளுக்கு எதுவும் இல்லை. ஆறாம் தட்டில் ஒருவருக்கு மூச்சுக் கருவி இருந்தது, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தனி வயர். எழுத்தில் எதுவும் இல்லை, ஒருவரும் மீறவும் இல்லை. எங்கள் பெரிய மனிதர்கூட ஏசி கேட்கவில்லை. அடுத்த மாதம் காலிமுகத்திடலில் போராட்டத்துக்குக் கூடாரம் போட்ட பிள்ளைகளும் தலைவர் என்று ஒருவரும் இல்லாமல் சமையலறையும் நூலகமும் மருத்துவக் கூடாரமும் நடத்திக்கொண்டிருந்தார்கள். நெருக்கடியில் இது முடிகிறது. வெளிச்சம் வந்ததும் தரிப்பிடச் சண்டை திரும்ப வந்துவிடும், அதற்குத்தான் எழுத்தில் விதி வேண்டும்.

சண்டை வந்தால் அதிகாரம் இல்லாத ஒருவரிடம் அனுப்புங்கள்

மேல் வீட்டுப் பால்கனியில் இருந்து ஈரத்துணி சொட்டுவது, உரல் இடிக்கும் சத்தம், கருவாட்டு மணம், மாடிப்படியில் செருப்பு ராக்கை. இவற்றைக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். தலைவர் தீர்ப்புச் சொன்னால் தோற்றவர் தலைவருக்கு எதிரி.

தென்சூடானின் நூவர் மக்களிடம் சிறுத்தைத்தோல் அணிந்த ஒரு பூசகர் இருப்பார். அவருக்குப் படையும் இல்லை, கட்டளையிடும் அதிகாரமும் இல்லை. கொலை செய்தவன் ஓடிவந்து அவர் வீட்டில் ஒதுங்கலாம், அங்கே யாரும் தொடமாட்டார்கள். அவர் இரு பக்கமும் நடந்து, எத்தனை மாடு ஈடு கொடுப்பது என்று பேசித் தீர்ப்பார். இரு பக்கத்துச் சண்டைக்குள்ளும் அவர் இல்லாததால்தான் இரு பக்கமும் அவர் சொல் கேட்கிறது. எங்கள் கட்டடத்தில் அது ஐந்தாம் தட்டு அன்ரி. ஓய்வு பெற்ற தாதி, குழுவில் ஒருபோதும் இருந்ததில்லை, கார் இல்லை, ஆகவே தரிப்பிடத்தில் அக்கறையும் இல்லை. அவர் முறை: முதல் நாள் ஒரு வீடு, மறுநாள் மற்ற வீடு, மூன்றாம் நாள் இருவரையும் தன் வீட்டில். "என்ன நடந்தது?" என்று கேட்கமாட்டார். "இனி என்ன செய்தால் உனக்குக் காணும்?" என்றுதான் கேட்பார். சிங்களக் குடும்பத்தோடு அதையே சரளமான சிங்களத்தில் கேட்பார்.

அங்கே தீராவிட்டால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் இயங்குகிறது. சட்டத்தரணி வைத்து வாதாட முடியாது, நீங்களே கதைக்கவேண்டும். அவர்கள் தீர்ப்பைத் திணிப்பதில்லை. இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் தருவார்கள், பிறகு நீதிமன்றம் போகலாம்.

பொலிஸ் கடைசி. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும் யோசிக்காமல் கூப்பிடுங்கள். மற்றதுக்கு வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யுத்த காலத்தில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து, அந்தக் கடதாசியைப் பத்திரமாக வைத்திருந்து, இரவு சோதனைக்குக் கதவைத் திறந்தவர்கள் எங்கள் கட்டடத்தில் பாதிப்பேர். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்து தமிழரைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதை மறக்காதவர்கள். வாசலில் வருகைப் புத்தகம் வைத்து அடையாள அட்டை இலக்கம் எழுதவேண்டும் என்று ஒரு இளம் தம்பி பிரேரித்தபோது முதியவர்கள் ஏன் அவ்வளவு கடுமையாக எதிர்த்தார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. பேசி முடிவெடுத்தோம்: பெயரும் போகிற வீட்டின் இலக்கமும் போதும், அடையாள அட்டை வேண்டாம், பழைய புத்தகத்தை மூன்று மாதத்தில் கிழித்துவிடுவது.

வாட்சருக்கு ஒரே முதலாளி

உங்கள் விதி அத்தனையையும் உண்மையில் அமுல்படுத்துகிறவர் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பவர். காரை அங்கே நிறுத்தாதீர்கள் என்று பெரிய மனிதரிடம் சொல்லவேண்டியவர் அவர்தான். முப்பத்தாறு வீட்டாரும் அவருக்குக் கட்டளையிட்டால் சத்தம் கூடிய வீட்டின் கட்டளைதான் நடக்கும். வாசல் குழுவின் பொறுப்பாளர் ஒருவர் மட்டும் அவருக்குச் சொல்லலாம் என்று ஒட்டிவிடுங்கள். கடைக்கு அனுப்புவது, காஸ் தூக்குவிப்பது எல்லாம் கேட்டுச் செய்யும் உதவி, வேலை இல்லை. நிறுவனம் மூலம் அல்லாமல் நேரடியாக வேலைக்கு வைத்திருந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், அவர் சம்பளத்தில் இருந்து 8, நம்பிக்கை நிதிக்கு உங்கள் பக்கத்தில் இன்னொரு 3. "சின்ன இடம்தானே" என்று விடாதீர்கள்.

இறக்குவதும் ஒப்படைப்பதும்

வட அமெரிக்காவின் இரோகுவா மக்களிடம் தலைவர்கள் ஆண்கள். அவர்களைத் தெரிவு செய்வதும் கழற்றுவதும் குலத்தின் மூத்த பெண்கள். தலைவர் வழி தவறினால் எச்சரிக்கை செய்வார்கள், மூன்றாம் எச்சரிக்கைக்கும் திருந்தாவிட்டால் பதவியின் அடையாளமான கொம்புகளை எடுத்துவிடுவார்கள். உங்கள் துணைவிதிகளில் தெரிவு பற்றி இரண்டு பக்கம் இருக்கும், இறக்குவது பற்றி ஒரு வரியும் இருக்காது. எத்தனை வீட்டார் கையெழுத்திட்டால் விசேட கூட்டம் கூட்டவேண்டும், எத்தனை நாளுக்குள், யார் தலைமை தாங்குவது என்று சண்டை இல்லாத காலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சண்டை வந்த பிறகு எழுதினால் அது ஒருவருக்காக எழுதிய சட்டமாகிவிடும்.

தவணை முடிந்தால் பழைய குழு புதிய குழுவிடம் ஒரே நாளில், சாட்சியோடு, பட்டியல் போட்டு ஒப்படைக்கவேண்டும். வங்கிப் புத்தகம், காசோலைப் புத்தகம், மின்சார சபையினதும் நீர் வழங்கல் சபையினதும் பொதுக் கணக்கு இலக்கங்கள், லிஃப்ட் சேவை ஒப்பந்தம், காப்புறுதி, மொட்டைமாடி, மோட்டர் அறை, மீட்டர் அறைச் சாவிகள், வெளிநாட்டுச் சொந்தக்காரரின் தொலைபேசி இலக்கங்கள், வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி உரிமை. கடைசியாகச் சொன்னதைச் சிரிப்பாக எடுக்கவேண்டாம். பல கட்டடங்களில் பதவி போன பிறகும் ஆட்சி அங்கேதான் நடக்கிறது. கூட்டக் குறிப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வையுங்கள். மூன்றும் தெரிந்த ஒரு உயர்தர மாணவி எல்லாக் கட்டடத்திலும் இருப்பாள், பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுங்கள், சும்மா செய்யச் சொல்லாதீர்கள்.